1976-ல் வந்த 8085 சிப்பை இன்னும் ஏன் லேப்ல படிக்கிறாங்க? 'அவுட்புட் வரல சார்' என்பதற்குப் பின்னால் என்ன இருக்கு?

"அவுட்புட் வரல சார்..."

எலக்ட்ரானிக்ஸ், எலக்ட்ரிக்கல் பிரிவுகளில் இன்ஜினியரிங்கோ டிப்ளமோவோ படித்த யாரிடம் கேட்டாலும், மைக்ரோபிராசசர் லேப் என்றதும் முதலில் ஞாபகத்துக்கு வரும் வசனம் இதுதான். சிவப்பு எழுத்து ஒளிரும் ஒரு கிட், அதைச் சுற்றி நாலு பேர், கையில் ஒரு அப்சர்வேஷன் நோட்டு. ஒருத்தர் டைப் பண்ணுவார், இன்னொருத்தர் எண்களை வாசிப்பார், மீதி ரெண்டு பேர் வேடிக்கை பார்ப்பார்கள்.

அந்த கிட்டுக்குள் இருக்கும் இன்டெல் 8085 சிப் சந்தைக்கு வந்தது 1976-ல். இன்றைக்கு எந்த நிறுவனமும் '8085 தெரியுமா' என்று கேட்டு வேலைக்கு எடுப்பதில்லை. அப்படியிருக்க, செயற்கை நுண்ணறிவு, இரண்டு நானோமீட்டர் சிப் என்று உலகம் பேசிக்கொண்டிருக்கும்போது இதை ஏன் இன்னும் படிக்கணும்? மாணவர்களும் பெற்றோரும் கேட்கும் இந்தக் கேள்வி நியாயமானது. பதில் தெரிய வேண்டுமென்றால் லேப்புக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். விரிவாகப் பார்ப்போம்.

8085 என்பது என்ன?

ஒரே நேரத்தில் 8 பிட் தகவலைக் கையாளும் பிராசசர் இது. 40 கால்கள் கொண்ட ஒரு கறுப்பு ஐசி. உள்ளே சுமார் 6,500 டிரான்சிஸ்டர்கள். ஒப்பிட்டுப் பார்க்கணும்னா, 2020-ல் வந்த ஆப்பிளின் எம்1 சிப்பில் 1,600 கோடி டிரான்சிஸ்டர்கள். 8085-ஆல் அதிகபட்சம் 65,536 நினைவக இடங்களைத்தான் எட்ட முடியும். இதற்கு முன்னால் வந்த 8080-க்கு மூன்று விதமான மின்னழுத்தம் தேவைப்பட்டது. 8085-க்கு 5 வோல்ட் மட்டும் போதும். பெயரில் உள்ள அந்தக் கடைசி 5 அதனால் வந்ததுதான்.

'பழைய இரும்பு' என்று இதைத் தள்ளிவிடுகிறவர்களுக்கு ஒரு தகவல்: 1997-ல் செவ்வாய் கிரகத்தில் ஓடிய நாசாவின் சோஜர்னர் ரோவருக்குள் இருந்தது இதன் குறைந்த மின்சார வடிவமான 80சி85 தான்.

கல்லூரிக்கு இது பொருந்துவதற்கான காரணம் அந்தப் பெருமை இல்லை. இந்தச் சிப்பின் முழு வேலையும் ஒரு மனிதரின் தலைக்குள் அடங்கும். எந்தக் கட்டளை எத்தனை கிளாக் எடுக்கும், எந்தக் கம்பியில் எப்போது என்ன போகும் என்று ஒரு செமஸ்டரில் கடைசி வரை புரிந்துகொள்ளலாம். இன்றைய மொபைல் பிராசசரை அப்படி முழுசாகப் புரிந்துவைத்திருக்கும் தனி நபர் யாருமே இருக்க முடியாது.

9 பைட்டில் ஒரு பாடம்

லேப்பில் முதல் நாள் செய்யும் கூட்டல் புரோகிராமையே எடுத்துக்கொள்வோம். 8-ஐயும் 8-ஐயும் கூட்டி, விடையை 4500 என்ற முகவரியில் வைக்க வேண்டும். தமிழ்நாட்டு லேப் மேனுவல்கள் பலவற்றில் புரோகிராம் தொடங்கும் முகவரி 4100. அங்கிருந்து வரிசையாக இதை டைப் பண்ணணும்:

3ஈ, 08, 06, 08, 80, 32, 00, 45, 76.

அவ்வளவுதான், 9 பைட். 3ஈ என்றால் 'அடுத்து வரும் எண்ணை ஏ ரிஜிஸ்டரில் போடு'. 06 என்றால் 'அடுத்த எண்ணை பி-யில் போடு'. 80 என்றால் 'ஏ-வோடு பி-யைக் கூட்டு'. 32 என்றால் 'ஏ-வில் இருப்பதை அடுத்து வரும் முகவரியில் எழுது'. 76 என்றால் 'நில்'.

ஓட்டிவிட்டு 4500-ஐத் திறந்து பார்த்தால் 10 என்று காட்டும். எட்டும் எட்டும் பத்தா? இங்கேதான் முதல் தடவை நிறைய பேர் முழிப்பார்கள். கிட் காட்டுவது 16-ஐ அடிப்படையாகக் கொண்ட ஹெக்சாடெசிமல் எண். அதில் 10 என்றால் நம் கணக்கில் 16. வகுப்பில் போர்டில் எழுதிப்போட்ட எண்முறை, இங்கே கண்ணெதிரே உட்கார்ந்து குழப்பும்போதுதான் மனசில் பதியும்.

சரி, இப்போது முகவரியைக் கவனியுங்கள். 4500-ஐ '45 00' என்று போடாமல் '00 45' என்று தலைகீழாகப் போட்டிருக்கிறோம். முகவரியின் கீழ்ப்பாதி முதலில், மேல்பாதி பிறகு என்பது 8085-இன் விதி. புத்தகத்தில் ஒரே வரியில் முடிந்துபோகும் இந்த விதியை மாணவர் மறந்து '32 45 00' என்று டைப் பண்ணினால் என்ன ஆகும்?

பிராசசர் விடையை 0045 என்ற முகவரிக்கு அனுப்பும். அந்த இடத்தில் இருப்பது கிட்டின் சொந்த மானிட்டர் புரோகிராம் பதிந்த ராம் அல்லாத நினைவகம், அதாவது ரோம். அதில் எழுத முடியாது. எழுத்து காற்றில் போய்விடும். எர்ரர் மெசேஜ் எதுவும் வராது, சிவப்பு விளக்கு எதுவும் எரியாது. 4500-இல் ஏற்கெனவே என்ன இருந்ததோ அதுவே இருக்கும். 'அவுட்புட் வரல சார்' பிறப்பது இப்படித்தான்.

இதைவிட விபரீதமான நிலையும் உண்டு. காலை பேட்ச் இதே புரோகிராமைச் சரியாக ஓட்டியிருந்து, கிட்டை ஆஃப் பண்ணாமல் போயிருந்தால், 4500-இல் அவர்களுடைய 10 அப்படியே இருக்கும். மதிய பேட்ச் மாணவர் தப்பான புரோகிராமை ஓட்டினாலும் சரியான விடை 'வந்துவிடும்'. கையெழுத்தும் கிடைத்துவிடும்! அதனால்தான் விவரம் தெரிந்த லேப் ஆசிரியர்கள், ஓட்டுவதற்கு முன்னால் 4500-இல் 00 போட்டுவிட்டு ஓட்டச் சொல்வார்கள். பெரிய சாஃப்ட்வேர் நிறுவனங்களில் டெஸ்டிங் பிரிவில் சொல்லித்தரும் பழக்கத்தின் மூலவடிவம் இது.

தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. பல கிட்களில் ஒவ்வொரு கட்டளையாக நிறுத்தி நிறுத்தி ஓட்டும் வசதி உண்டு. கூட்டல் முடிந்ததும் ஏ ரிஜிஸ்டரைப் பாருங்கள். அங்கே 10 இருந்தால் கணக்கு சரி, சேமிப்பில்தான் கோளாறு. அங்கே 10 இல்லையென்றால் அதற்கு முன்னால் தேடணும். பாதியாகப் பிரித்து, எந்தப் பாதியில் பிரச்னை என்று பார்ப்பது. கார் மெக்கானிக்கும் எலக்ட்ரீஷியனும் செய்வது இதையேதான். இந்தத் தேடலில் போகும் 20 நிமிஷம்தான் லேப்பின் உண்மையான பாடம் என்பது என் கருத்து. விடை வந்தபிறகு நோட்டில் எழுதும் நேரம் அதில் சேராது.

கூடுதலாக ஒன்று: 6.144 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் பொருத்திய கிட்டில் இந்த 9 பைட் ஓடி முடிய சுமார் 12 மைக்ரோ செகண்டுதான் ஆகும். டைப் பண்ண ரெண்டு நிமிஷம்!

பிரெட்போர்டில் துப்பறிதல்

மைக்ரோபிராசசருக்கு முந்தைய படி டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் லேப். 7486, 7408 என்று ரெண்டு ஐசி, ஒரு பிரெட்போர்டு, கொஞ்சம் ஒயர். இதில் செய்யும் முதல் சர்க்யூட் 'ஹாஃப் ஆடர்': இரண்டு பிட்களைக் கூட்டி, கூட்டுத்தொகையையும் மிச்சத்தையும் தனித்தனி எல்இடி-யில் காட்டணும். மிச்சத்தைத்தான் பாடப்புத்தகம் 'கேரி' என்கிறது.

நாலு விதமான இன்புட் கொடுத்துப் பார்க்கிறார் ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். ஏ 0, பி 1 கொடுத்தால் விடை சரி. ரெண்டும் 1 கொடுத்தாலும் சரி. ஆனால் ரெண்டும் 0 கொடுத்தால் கூட்டுத்தொகை 1 என்று வருகிறது. ஏ 1, பி 0 கொடுத்தால் கேரி எரிகிறது. நாலில் ரெண்டு சரி, ரெண்டு தப்பு. உடனே வரும் வசனம்: "ஐசி போயிடுச்சு சார், வேற தாங்க."

ஐசி போகவில்லை. தப்பான ரெண்டு வரிசையையும் மறுபடி பாருங்கள். இரண்டிலும் பி 0. சரியான ரெண்டிலும் பி 1. அப்படியென்றால் பி எப்போதுமே 1 ஆகத்தான் ஐசி-க்குத் தெரிகிறது. டிடிஎல் வகை ஐசி-யில் ஒரு இன்புட் எதிலும் இணையாமல் தொங்கினால் அதை அது 1 என்றே எடுத்துக்கொள்ளும். ஆக, பி சுவிட்சிலிருந்து வரும் ஒயர் பிரெட்போர்டில் சரியாக உட்காரவில்லை. ஒயரை அழுத்தினால் முடிந்தது.

மல்டிமீட்டர்கூடத் தொடாமல், நாலு வரி அட்டவணையைப் பார்த்தே எந்த ஒயர் என்று சொல்லிவிட முடியும்! ஒருமுறை இப்படிக் கண்டுபிடித்த மாணவி 'ட்ரூத் டேபிள்' என்பதைத் தேர்வுக்கான மனப்பாடமாக இனிமேல் பார்க்க மாட்டார்.

இதே மாதிரி இன்னொரு பொறி, 7400-உம் 7402-உம். ரெண்டும் 14 கால் ஐசி, பார்க்க ஒரே மாதிரி. 7400-இல் முதல் கேட்டின் அவுட்புட் 3-ஆம் காலில் வரும். 7402-இல் அது 1-ஆம் கால். பழைய ஞாபகத்தில் இணைத்தால் ரெண்டு அவுட்புட்டை முட்டவிட்ட மாதிரி ஆகிவிடும். டேட்டாஷீட் என்று ஒன்று இருக்கிறது, அதைத் திறந்து பார்க்கணும் என்ற பழக்கம் இப்படிச் சூடு பட்டால்தான் வருகிறது.

கணக்குப் போட்டது சரியா? ஸ்டாப்வாட்ச் சொல்லும்

என்னைக் கேட்டால் இந்த லேப்பின் மிகச் சிறந்த பயிற்சி, ஒரு எல்இடி-யை மினுக்கச் செய்வதுதான். கேட்க சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும்.

எல்இடி-யை எரியவிட்டு, கொஞ்ச நேரம் காத்திருந்து, அணைத்து, மறுபடி காத்திருக்கணும். காத்திருப்பதற்கு 8085-இல் தனியாக ஒரு கட்டளை கிடையாது. ஒரு பெரிய எண்ணை எடுத்து ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்து, பூஜ்யம் ஆகும் வரை பிராசசரைச் சும்மா சுற்ற வைக்கணும். ஒரு சுற்றுக்கு 24 கிளாக் ஆகும் என்று கட்டளைப் பட்டியலைப் பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம். 65,535 சுற்று. கிளாக் 3.072 மெகாஹெர்ட்ஸ். பெருக்கி வகுத்தால் சுமார் 0.51 செகண்டு. எரிய அரை செகண்டு, அணைய அரை செகண்டு. ஆக 10 முறை மினுக்க ஏறத்தாழ 10 செகண்டு ஆகணும். மொபைலில் ஸ்டாப்வாட்சை எடுத்து எண்ணிப் பார்த்துவிடலாம்.

இதில் ரெண்டு இடத்தில் வழுக்கும்.

கிட்டில் உள்ள கிரிஸ்டலின் மேல் 6.144 என்று அச்சிட்டிருக்கும். அதையே கிளாக் என்று எடுத்துக் கணக்குப் போட்டவருக்கு 5 செகண்டு என்று வரும். ஸ்டாப்வாட்ச் 10 செகண்டு காட்டும். சரியாக ரெண்டு மடங்கு. 'ஏன் சரியாக ரெண்டு?' என்று யோசித்தால், கிரிஸ்டலின் அதிர்வெண்ணை 8085 உள்ளுக்குள் பாதியாக்கித்தான் பயன்படுத்துகிறது என்ற விஷயம் தானாக வெளியே வரும். புத்தகத்தில் அந்த வரி இருக்கத்தான் செய்கிறது. படித்துவிட்டுத்தான் எல்லோரும் லேப்புக்கு வருகிறார்கள்.

இரண்டாவது இடம் இன்னும் நுட்பமானது. ஒரு ரிஜிஸ்டரைக் குறைக்கும் டிசிஆர் கட்டளை, பூஜ்யம் ஆனதும் அதை ஒரு கொடியில் குறித்துவைக்கும். ரிஜிஸ்டர் ஜோடியைக் குறைக்கும் டிசிஎக்ஸ் கட்டளை குறித்துவைக்காது. இது தெரியாமல் டிசிஎக்ஸை நம்பி சுற்றை எழுதினால், ஒன்று சுற்று முடியவே முடியாது, இல்லையென்றால் முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிடும். முதல் வகையில் எல்இடி எரிந்தபடியே நிற்கும். இரண்டாவது வகையிலும் கண்ணுக்கு எரிந்தபடிதான் தெரியும், ஏன்னா அவ்வளவு வேகமாக மினுக்கும்! ரெண்டுக்கும் அறிகுறி கிட்டத்தட்ட ஒன்று, காரணம் நேரெதிர். ஆசிலோஸ்கோப் வைத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஸ்டெப்பர் மோட்டாரிலும் இதே கதைதான். ஒரு அடிக்கு 1.8 டிகிரி வீதம் 200 அடி எடுத்தால் ஒரு முழுச் சுற்று. அடிகளுக்கு இடையே காத்திருப்பு ரொம்பக் குறைந்தால் மோட்டார் சுற்றாமல் உறுமும். ரெண்டு ஒயர் இடம் மாறினால் நின்ற இடத்திலேயே நடுங்கும்.

அப்போ எங்கே கோட்டை விடுகிறோம்?

சிப் பழசு என்பதைவிட, லேப் நடக்கும் விதம்தான் பெரிய பிரச்னை.

பல இடங்களில் நிலைமை என்ன? சீனியரின் ரெக்கார்டு நோட்டிலிருந்து அல்காரிதம், ஃப்ளோசார்ட், ஆப்கோடு எல்லாம் அப்படியே ஜூனியரின் நோட்டுக்கு வருகிறது. லேப்பில் அதைப் பார்த்து டைப் பண்ணினால் விடை வந்துவிடும். வரவில்லை என்றால் ஆசிரியரோ லேப் அசிஸ்டன்டோ வந்து எண்ணைத் திருத்திவிட்டுப் போவார். பிராக்டிகல் தேர்வில் சீட்டு எடுத்து, வந்த எக்ஸ்பெரிமென்ட்டை மனப்பாடத்திலிருந்து இறக்கிவைத்தால் மார்க். ஒரு கோளாறைக்கூடத் தானாகக் கண்டுபிடிக்காமல் முழு மார்க் வாங்கிவிட முடியும்.

ஆசிரியரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ஒரு பேட்ச்சுக்குத் தேவையான அளவு கிட் இருக்காது, இருப்பதில் சிலவற்றின் கீபோர்டு தேய்ந்திருக்கும், முடிக்கவேண்டிய எக்ஸ்பெரிமென்ட் பட்டியலோ நீளம். அதற்குள் எல்லோருக்கும் 'அவுட்புட்' வந்தாக வேண்டும்.

இதற்குப் பெரிய பணச்செலவு தேவையில்லாத மாற்றங்களும் இருக்கு. சரியான புரோகிராமைக் கொடுப்பதற்குப் பதில், ஒரு பைட் தப்பாக உள்ள புரோகிராமைக் கொடுத்து 'இது ஏன் ஓடவில்லை' என்று கேட்கலாம். ஒரு ஒயரை உருவிவிட்டு அட்டவணையை எடுக்கச் சொல்லலாம். ஓட்டுவதற்கு முன்னாலேயே என்ன வரும் என்று நோட்டில் எழுதவைத்து, பிறகு ஓட்டச் சொல்லலாம். டைப் பண்ணுகிற ஆளை அரைமணிக்கு ஒருமுறை மாற்றலாம். கோளாறைக் கண்டுபிடித்த வழிக்கு மார்க் கொடுத்தால், சீனியரின் நோட்டுக்கு மதிப்பு தானாகக் குறையும்.

அர்டுயினோவும் சிமுலேட்டரும் போதாதா?

நல்ல கேள்வி. ஜிஎன்யூசிம்8085 போன்ற இலவச சிமுலேட்டர்கள் இருக்கு. மத்திய கல்வி அமைச்சகத்தின் விர்ச்சுவல் லேப்ஸ் தளமும் இருக்கு. முந்தின நாள் ராத்திரியே புரோகிராமை இதில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தால், லேப் நேரம் முழுவதையும் ஒயருக்கும் மோட்டாருக்கும் ஒதுக்கலாம். அதற்கு இவை அருமை. ஆனால் சிமுலேட்டரில் ஒயர் லூசாகாது, 5 வோல்ட் 4.2-க்கு இறங்காது, மோட்டார் உறுமாது.

அர்டுயினோ விஷயம் வேறு. ரெண்டு வரியில் எல்இடி மினுக்கிவிடும். அந்த வசதி பள்ளி மாணவர்களுக்கு நல்லது. இன்ஜினியருக்கு அதுவே திரையாகிவிடுகிறது. 13-ஆம் காலை எரியவிடு என்று எழுதும்போது, உள்ளே இருக்கும் சிப்பில் பி போர்ட்டின் 5-ஆம் பிட்டை 1 ஆக்குகிறோம் என்பது தெரிவதில்லை. அதே அர்டுயினோ யூனோவில், தயார் கட்டளைகளை ஒதுக்கிவிட்டு அந்த போர்ட்டில் நேரடியாக எழுதிப் பாருங்கள். 8085 லேப்பில் செய்த அதே வேலை, புது உடையில்.

8085-ஐயே நாலு வருஷமும் கட்டி அழணும் என்று யாரும் சொல்லவில்லை. நாலைந்து வகுப்பு அதில் கை பழகியபிறகு, தொழிற்சாலைகளில் இன்றும் புழங்கும் 8051, ஏஆர்எம் என்று நகர்வதுதான் சரி. சென்னை ஐஐடி உருவாக்கிய சக்தி, சி-டாக் உருவாக்கிய வேகா ஆகிய இந்திய பிராசசர்கள் ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டமைப்பில் இயங்குபவை. வேகா சிப் பொருத்திய ஏரிஸ் போர்டுகளும் வந்துவிட்டன. கல்லூரிகள் இவற்றை வாங்கலாம். ஆனால் புது போர்டையும் பழைய ரெக்கார்டு நோட்டு முறையில் நடத்தினால், 4100-க்குப் பதில் வேறொரு முகவரி மனப்பாடம் ஆகும், அவ்வளவுதான்.

வீட்டிலேயே செய்து பார்க்க முடியுமா?

முடியும். ஒரு பிரெட்போர்டு, ஒரு 7490 கவுன்ட்டர் ஐசி, நாலு எல்இடி, ஒவ்வொன்றுக்கும் 330 ஓம் ரெசிஸ்டர், ஒரு சுவிட்ச். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். ஐசி ஒன்று சில பத்து ரூபாய்தான். மின்சாரத்துக்குப் பழைய மொபைல் சார்ஜரின் 5 வோல்ட் போதும்.

முதல் பொறி இங்கேயே காத்திருக்கு. 14 கால் ஐசி என்றதும் கை தானாக 14-ஆம் காலுக்கு 5 வோல்ட்டும் 7-ஆம் காலுக்கு கிரவுண்டும் கொடுக்கப் போகும். 7490-இல் 5-ஆம் காலுக்கு 5 வோல்ட், 10-ஆம் காலுக்கு கிரவுண்ட். 2, 3, 6, 7 ஆகிய ரீசெட் கால்களை கிரவுண்டில் சேர்த்து, 12-ஐ 1-ஓடு இணைக்கணும். சுவிட்ச் 14-ஆம் காலுக்கு.

இப்போது சுவிட்சை ஒரே ஒரு முறை அழுத்துங்கள். எண்ணிக்கை 1 என்று காட்டாமல் 3, 5 என்று தாவும். ஐசி போகவில்லை. சுவிட்சுக்குள் இருக்கும் உலோகத் தகடு, தொட்டதும் சில மில்லி செகண்டுக்குத் துள்ளித் துள்ளித்தான் அடங்கும். நமக்கு அது ஒரு அழுத்தம். ஐசி-க்கு ஒவ்வொரு துள்ளலும் ஒரு எண்ணிக்கை. இதைச் சரிசெய்ய 7400-இல் உள்ள இரண்டு நாண்ட் கேட்களைக் குறுக்காக இணைத்து ஒரு லாட்ச் செய்து, இருவழி சுவிட்ச் ஒன்றை அதில் மாட்டணும். முதல் தொடுதலிலேயே லாட்ச் புரண்டுவிடும், அதற்குப் பிறகு எத்தனை துள்ளல் வந்தாலும் கண்டுகொள்ளாது. ஒரு தட்டுக்கு ஒன்றுதான் ஏறும்.